விட்டுப்போன ஒரு 'கிட்டிருந்தேன்'



போன மாதச் சுவர் இதழில் கவிதை எழுதியவர்கள் எல்லாரும் நன்றாக எழுதியிருந்தார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். ஆங்கில இலக்கணம் பற்றியது. உடனே அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள்! மார்க்குக்காக எழுதவில்லை. ஒரு வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டதால் எங்கள் அப்பாவுக்குச் சம்பளத்தில் 2,200 ரூபாய் பிடித்தார்கள். அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

எங்கள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வண்டி சொந்தம் இல்லை. ஒரு பார்சல் ஆபீஸில் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். அந்த ஆபீஸின் பெயர் வேண்டாம். போன வருடம் ஆடி மாதம் ஒரு நாள், டைல்ஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பைபாஸில் போயிருக்கிறார். முன் டயரில் ஏதோ சத்தம். வண்டியை இடது பக்கம் ஓரங்கட்டி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, இறங்கி டயரைப் பார்த்திருக்கிறார். அப்போது பின்னால் வந்த ஒரு வேன் எங்கள் வண்டியின் பின்பக்கத்தில் இடித்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது. நம்பரைக்கூடப் பார்க்க முடியவில்லை. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான், கடவுள் புண்ணியம். ஆனால் 11 பெட்டி டைல்ஸ் உடைந்துபோயிற்று. ஒரு பெட்டி 600 ரூபாய்.

ஆபீஸில், "என்ன நடந்துச்சுன்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. ஹெட் ஆபீஸ் வெளி மாநிலத்துல இருக்கு, தமிழ்ல குடுத்தா படிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர். ராத்திரி வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"நீதான்டா இங்கிலீஷ்ல நல்ல மார்க் வாங்குறவன். எழுதிக் குடு."

எனக்கு ஒரே பெருமை. அதற்கு முன் நடந்த ஒரு தேர்வில், கோடிட்ட இடத்தை நிரப்புகவில் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தேன். எப்படி வாங்கினேன் தெரியுமா? கைடில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். 'வென்' வந்தால் சிம்பிள் பாஸ்ட், 'வைல்' வந்தால் பாஸ்ட் கன்டினியூவஸ். அவ்வளவுதான். மனப்பாடம் செய்துகொண்டு போய் எழுதினேன். வாக்கியத்தின் அர்த்தம் என்ன என்று பார்த்ததே இல்லை!

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்பா சொன்னது இதுதான்:

"நான் வண்டிய ஓரமா நிறுத்திட்டு, எறங்கி டயரப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்பப் பின்னாடி ஒரு வேன் வந்து இடிச்சிருச்சு."

நான் எழுதியது இது. ஆங்கிலத்தை நம் எழுத்திலேயே தருகிறேன்:

'வென் எ வேன் கேம் ஃப்ரம் பிஹைண்ட், ஐ ஸ்டாப்ட் மை வெஹிக்கிள். ஐ சா தி டயர். தி வேன் ஹிட் மை வெஹிக்கிள்.'

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. 'ஸ்டாப்'புக்கு இரண்டு 'பி' போட வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. அழகான கையெழுத்தில், மார்ஜின் போட்டு எழுதினேன். அப்பா அதை வாங்கி, ஒரு எழுத்துகூடப் புரியாமல், ரெண்டு தடவை மேலும் கீழும் பார்த்தார். "எம்புள்ள எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. டைல்ஸ் காசு 6,600 ரூபாயையும் அப்பா சம்பளத்தில் மூன்று மாதம், மாதம் 2,200 வீதம் பிடிக்க வேண்டுமாம். ஏன் என்று அப்பா கேட்டதற்கு மேனேஜர் சொன்னாராம்:

"பின்னாடி வேன் வர்றப்ப நீங்க திடீர்னு பிரேக் போட்டு நிறுத்தியிருக்கீங்க. அதனாலதான் இடிச்சிருக்கு. நாங்க சொல்லலண்ணே, நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களே!"

அப்பா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. "எங்கயோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கடா" என்றுதான் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மாதம் அம்மா சீட்டுப் பணம் கட்ட முடியாமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று வாங்கினார்கள்.

மறுநாள் அந்த லெட்டரின் நகலை எடுத்துக்கொண்டு எங்கள் ஆங்கில மிஸ்ஸிடம் போனேன். மிஸ் படித்துவிட்டுக் கேட்டார்கள்.

"அப்பா எப்பத் தம்பி வண்டிய நிறுத்துனாங்க? வேன் வந்த பெறகா, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடியே நிறுத்திட்டாங்க மிஸ். நின்னுக்கிட்டிருந்த வண்டியிலதான் வந்து இடிச்சாங்க."

"அப்ப நீ அப்படி எழுதவே இல்லயே. வேன் வந்துச்சு, உடனே நிறுத்தினேன்னுல்ல எழுதியிருக்க!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மிஸ், வென் வந்தா சிம்பிள் பாஸ்ட்தான மிஸ் போடணும்?" என்றேன். மிஸ் சிரித்துவிட்டு, என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு மிஸ் சொல்லிக்கொடுத்ததைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன். பத்தாம் வகுப்புக்கும் உதவும், எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கும் உதவும்.

புள்ளியும் கோடும்

மார்கழி மாதம் வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறோம் அல்லவா? புள்ளி வைக்கிறோம், கோடு இழுக்கிறோம். ஆங்கிலத்தின் இந்த இரண்டு காலங்களும் அப்படித்தான் என்றார்கள் மிஸ்.

சிம்பிள் பாஸ்ட் ஒரு புள்ளி. நடந்தது, முடிந்தது. கேம், ஹிட், ஸ்டாப்ட், ஃபெல்.

பாஸ்ட் கன்டினியூவஸ் ஒரு கோடு. ஏற்கனவே தொடங்கிவிட்டது, அந்த நேரத்தில் இன்னும் முடியவில்லை. 'வாஸ்' அல்லது 'வேர்' போட்டு, வினையோடு 'இங்' சேர்க்க வேண்டும். வாஸ் லுக்கிங், வேர் பிளேயிங்.

கோட்டின் நடுவில் ஒரு புள்ளி விழுந்தால்: ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கே வந்தது என்று அர்த்தம். 'ஐ வாஸ் லுக்கிங் அட் தி டயர் வென் எ வேன் ஹிட் மை வெஹிக்கிள்.' பார்ப்பது கோடு. இடித்தது புள்ளி.

புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தால்: ஒன்று முடிந்ததும் அடுத்தது நடந்தது என்று அர்த்தம். 'வென் எ வேன் கேம், ஐ ஸ்டாப்ட்.' வேன் வந்தது, அதன் பிறகு நிறுத்தினேன். நான் வைத்தது இந்த இரண்டு புள்ளிகளைத்தான்!

இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் போனால்: இரண்டும் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தன. 'வைல் அம்மா வாஸ் குக்கிங், ஐ வாஸ் ரீடிங்.'

மிஸ் அதை வகுப்பில் எல்லாருக்கும் விளக்கும்போது ஒரு உதாரணம் சொன்னார்கள். 'வென் தி டீச்சர் கேம் இன், வி ஸ்டுட் அப்.' ஆசிரியர் வந்தார், எழுந்து நின்றோம். சரி. 'வென் தி டீச்சர் கேம் இன், வி வேர் டாக்கிங்.' ஆசிரியர் வந்தபோது பேசிக்கொண்டிருந்தோம். இதுவும் சரி, தினமும் நடப்பதுதான். 'வென் தி டீச்சர் கேம் இன், வி டாக்ட்.' இதற்கு என்ன அர்த்தம்? அதுவரை அமைதியாக இருந்தவர்கள், ஆசிரியர் வந்ததும் பேச ஆரம்பித்தோம்! வகுப்பே சிரித்தது. மூன்றிலும் 'வென்'தான் இருக்கிறது. ஆகவே, கைடில் உள்ள கட்டம் ஒரு கைகாட்டி மரம் மட்டும்தான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நடந்த விஷயம்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரலாற்றுப் பாடத்திலிருந்தும் ஒன்று சொன்னார்கள். 1948 ஜனவரி 30 மாலை, டெல்லியில் காந்தியடிகள் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது கோட்சே அவரைச் சுட்டான். 'காந்திஜி வாஸ் வாக்கிங் டு தி பிரேயர் மீட்டிங் வென் கோட்சே ஷாட் ஹிம்.' இங்கே 'வாஸ் வாக்கிங்' என்பதை எடுத்துவிட்டு 'வாக்ட்' என்று போட்டுப் பாருங்கள். சுட்ட பிறகு நடந்தார் என்று ஆகிவிடும். அந்த நடை பாதியில் நின்றுபோனது என்கிற துக்கமே போய்விடும்.

தமிழில் இருக்கிறதே!

நம்மில் பல பேர், "இதெல்லாம் இங்கிலீஷ்காரனுக்குத்தான் வரும், நமக்கு வராது" என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். 'பார்த்தேன்' என்பது வேறு, 'பார்த்துக்கொண்டிருந்தேன்' என்பது வேறு என்று நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? தமிழ் இலக்கணத்தில் த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகள் படித்திருக்கிறோம். அதோடு 'கொண்டிரு' என்ற துணைவினை சேர்ந்தால் கோடு வந்துவிடுகிறது. பேசும்போது 'பாத்துக்கிட்டிருந்தேன்' என்றும் 'பாத்துட்டிருந்தேன்' என்றும் சொல்கிறோம். மூன்று வயதுக் குழந்தைகூட, "நான் வெளையாண்டுக்கிட்டிருந்தேன், அவன் தள்ளிவிட்டுட்டான்" என்று சரியாகச் சொல்லும். ஜெர்மன் மொழியில் இதற்கென்று நம்மைப் போலத் தனி வினை வடிவம் கிடையாதாம். அவர்கள்தான் ஆங்கிலம் படிக்கும்போது அதிகம் கஷ்டப்பட வேண்டும்!

எங்கள் அப்பா 'பாத்துக்கிட்டிருந்தேன்' என்றுதான் சொன்னார். ஆறாவது படித்த அப்பா சரியாகச் சொன்னார். பத்தாவது படிக்கிற நான்தான் அந்த 'கிட்டிருந்தேன்'ஐ வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டு, 'ஐ சா' என்று எழுதினேன். அந்தத் தொலைந்துபோன துண்டுக்குத்தான் 6,600 ரூபாய்.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடங்கள்

அப்படியானால் தமிழில் 'கொண்டிருந்தேன்' வரும் இடத்தில் எல்லாம் 'இங்' போட்டுவிடலாமா? அதுவும் கூடாது என்றார்கள் மிஸ். கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் நான்கு.

1. தினசரிப் பழக்கம். 'போன வருடம் தினமும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன்' என்று தமிழில் சொல்வோம். இதை 'எவ்ரிடே ஐ வாஸ் கோயிங்' என்று எழுதுவது நம் ஊர்ப் பழக்கம். 'எவ்ரிடே ஐ வென்ட்' அல்லது 'ஐ யூஸ்ட் டு கோ' என்பதே சரி. பழக்கம் என்பது வரிசையாக வைத்த பல புள்ளிகள்.

2. தெரிவது, பிடிப்பது, சொந்தமாக இருப்பது. 'எனக்கு அவரைத் தெரிந்திருந்தது' என்பதற்கு 'ஐ வாஸ் நோயிங்' என்று எழுதக் கூடாது. 'ஐ நியூ' என்றுதான் எழுத வேண்டும். 'என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது' என்பது 'ஐ ஹேட் எ சைக்கிள்'. 'ஐ வாஸ் ஹேவிங் எ சைக்கிள்' தப்பு. ஆனால் 'ஐ வாஸ் ஹேவிங் லஞ்ச்' சரி! ஏனென்றால் அங்கே 'ஹேவ்' என்பதற்குச் சாப்பிடுவது என்று அர்த்தம், அது ஒரு செயல்.

3. நீண்ட காலம் நடந்தது. நீண்ட நேரம் நடந்தால் கன்டினியூவஸ் என்று நான் நினைத்திருந்தேன். தப்பு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டப் பல வருடங்கள் ஆயின. 1010-ல் முடிந்தது. ஆனாலும் 'ராஜராஜா பில்ட் தி டெம்பிள்' என்று சிம்பிள் பாஸ்டில்தான் எழுதுகிறோம். வேலை முடிந்துவிட்டது, முழுசாகச் சொல்கிறோம். 'ஐ ரெட் ஃபார் டூ அவர்ஸ்' என்பதும் அப்படியே. எவ்வளவு நேரம் என்பது கேள்வி இல்லை. நாம் பேசுகிற அந்த நேரத்தில் முடிந்திருந்ததா, பாதியில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

4. 'போது' என்ற ஒரே சொல். தமிழில் 'வந்தபோது', 'சமைத்துக்கொண்டிருந்தபோது' என்று இரண்டுக்கும் 'போது'தான். ஆங்கிலத்தில் 'வென்', 'வைல்' என்று இரண்டு உண்டு. பெரும்பாலும் புள்ளிக்கு முன்னால் 'வென்', கோட்டுக்கு முன்னால் 'வைல்' வரும். இதுதான் கைடில் இருந்த கட்டம். அடுத்த பாதி வாக்கியம் புள்ளியா கோடா என்பதை அந்தக் கட்டம் சொல்லாது. அதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது லெட்டர்

அன்று சாயங்காலம் அப்பாவை உட்காரவைத்து, மறுபடி முதலிலிருந்து கேட்டேன். இந்தத் தடவை எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் புள்ளியும் கோடும் போட்டுக்கொண்டேன்.

"வேன் இடிச்சப்ப வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சாப்பா, நின்னுக்கிட்டிருந்துச்சா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"நீங்க?"

"கீழ குனிஞ்சு டயரப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"இண்டிகேட்டர்?"

"எரிஞ்சுக்கிட்டுத்தான்டா இருந்துச்சு. அது எரியுறத எதிர்ல டீக்கடக்காரரே பாத்தாரே!"

அதுவரை டீக்கடைக்காரர் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. முதல் தடவை நான் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. எழுதினேன்:

'மை வெஹிக்கிள் வாஸ் ஸ்டாண்டிங் ஆன் தி லெஃப்ட் சைட் ஆஃப் தி ரோடு. தி இண்டிகேட்டர் வாஸ் பிளிங்கிங். ஐ வாஸ் லுக்கிங் அட் தி ஃப்ரன்ட் டயர் வென் எ வேன் ஹிட் மை வெஹிக்கிள் ஃப்ரம் பிஹைண்ட். தி வேன் டிட் நாட் ஸ்டாப்.'

மூன்று கோடு, அதன்மேல் ஒரு புள்ளி. பிறகு இன்னொரு புள்ளி. 'ஹிட்' என்ற சொல் இறந்தகாலத்திலும் 'ஹிட்'தான், மாறாது. 'டிட் நாட்' வந்தால் 'ஸ்டாப்ட்' போடாமல் 'ஸ்டாப்' என்றே போட வேண்டும். முதல் லெட்டரில் தவறாக எழுதப்பட்டுவிட்டது, அதைத் திருத்திக்கொள்கிறோம் என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னார்கள் மிஸ். "தப்ப மறச்சு எழுதினா சந்தேகம்தான் வரும், ஒத்துக்கிட்டு எழுது" என்றார்கள். டீக்கடைக்காரர் தமிழில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இந்தத் தடவை அப்பாவை உடனே கையெழுத்துப் போட விடவில்லை. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். "இதுல என்ன எழுதியிருக்குன்னா, நீங்க பாத்துக்கிட்டிருந்தப்ப இடிச்சுதுன்னு." அப்பா, "ஆமா, அதான் நடந்துச்சு" என்று சொன்ன பிறகுதான் பேனாவைக் கொடுத்தேன்.

அதற்குள் முதல் மாத 2,200 பிடித்துவிட்டார்கள். அது திரும்பி வரவில்லை. "பிடிச்சது பிடிச்சதுதான்" என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மீதி 4,400 ரூபாயைப் பிடிக்கவில்லை. அம்மா கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நண்பர்களே, இந்த வருடம் நமக்குப் பொதுத்தேர்வு. கோடிட்ட இடத்தில் சரியான விடை போட்டால் மார்க் வரும். வாங்கத்தான் வேண்டும். ஆனால் நம் வீடுகளில் நிறையப் பேருக்கு நாம்தான் ஆங்கிலம். பேங்க் ஃபாரம் வந்தாலும், ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். நாம் எழுதியதை அவர்கள் படித்துப் பார்க்க முடியாது. நம்மை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். அதனால் எழுதி முடித்ததும், திரும்பத் தமிழில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கே தப்பு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் முதல் நாளே அப்படிச் செய்திருந்தால், "டேய், நான் வேன் வந்தப்புறமா நிறுத்தினேன்?" என்று அப்பா கேட்டிருப்பார்.

முயன்று பாருங்கள்

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். முதலில் புள்ளியா கோடா என்று முடிவு செய்யுங்கள்.

1. கரண்ட் போனபோது நான் படித்துக்கொண்டிருந்தேன்.
2. மணி அடித்தபோது எல்லாரும் ஓடினோம்.
3. தாத்தாவிடம் இரண்டு மாடுகள் இருந்தன.
4. அவள் எழுதிக்கொண்டிருந்தபோது நான் வரைந்துகொண்டிருந்தேன்.

விடைகள்: 1. ஐ வாஸ் ரீடிங் வென் தி கரண்ட் வென்ட் ஆஃப். ('ஐ ரெட்' என்று எழுதினால், கரண்ட் போன பிறகுதான் படிக்க ஆரம்பித்தீர்கள் என்று ஆகும். உங்கள் அம்மா நம்ப மாட்டார்கள்!) 2. வென் தி பெல் ராங், வி ஆல் ரேன். 3. மை கிராண்ட்ஃபாதர் ஹேட் டூ கௌஸ். 4. வைல் ஷி வாஸ் ரைட்டிங், ஐ வாஸ் டிராயிங்.

நான்கும் சரியாகச் சொன்னவர்களுக்கு என் வாழ்த்துகள். தப்பாகச் சொன்னவர்கள் கவலைப்பட வேண்டாம், உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை!

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்